ஆட்டம் முதலில், கருவி பிறகு



எங்கள் ஊர் ஆடலூர். பெயரிலேயே ஆடலைச் சுமந்து நிற்கும் ஊரிலிருந்து வரும் நாங்கள், ஆட்டத்தைப் பற்றி எழுத முன்வந்ததில் வியப்பொன்றும் இல்லை. கீழ்ப்பழனி மலையில் காப்பியும் மிளகும் மலைவாழையும் விளையும் சிற்றூர் அது. கனமழை பெய்தால் மின்சாரம் விடைபெறும். கைப்பேசியில் சிக்னல் கண்ணாமூச்சி ஆடும். அத்தகைய ஊரிலும் இன்று பிள்ளைகள் கூடினால் 'கேம்' பற்றிய பேச்சுத்தான். எந்த வீடியோ கேம் ஆடுவது? அதற்கு எந்தக் கருவி வாங்குவது? இவை சிறுபிள்ளைக் கேள்விகள் என்று தள்ளிவிட முடியாதவை. குடும்பத்தின் பணமும், பிள்ளைகளின் பொழுதும், அண்ணன் தங்கைக்கிடையே உள்ள நியாயமும் இவற்றுள் அடங்கியிருக்கின்றன.

சென்ற அரையாண்டு விடுமுறையில் எங்களுள் ஒருத்தியின் வீட்டில் இக்கேள்வி ஒரு வழக்காகவே நடந்தது. காப்பிப் பழம் விற்ற பணம் அப்போதுதான் வந்திருந்தது. கல்லூரியில் படிக்கும் அண்ணன் கன்சோல் ஒன்று வேண்டும் என்று கேட்டார். அவரோடு படிப்பவர் ஒருவர் வீட்டில் அது இருக்கிறதாம். அம்மாவோ, ஒழுகும் கூரையை மாற்றவேண்டும் என்றார். அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போது எங்கள் தோழி, "அண்ணே, வாங்கினால் அதில் நானும் ஆடலாமா?" என்று கேட்டாள். அண்ணன் பதில் சொல்வதற்குள் அப்பத்தா முந்திக்கொண்டார்: "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குடி கேமு? போய்ப் பாத்திரத்தைக் கழுவு."

அன்று மாலை அவள் எங்களிடம் இதைச் சொன்னபோது நாங்கள் சிரித்தோம். பிறகு சிந்தித்தோம். விடுமுறை முழுவதும் நாங்கள் பேசி ஆராய்ந்ததன் பயனே இக்கட்டுரை.

முதலாவதாக, விளையாட்டு பெண்களுக்கு உரியதா என்ற கேள்விக்கு விடை கூறிவிடுகிறோம். பல்லாங்குழியின் 14 குழிகளில் புளியங்கொட்டை போட்டுக் கணக்கும் கூர்மையும் கற்றவர்கள் நம் பாட்டிமார்களே. அப்பத்தாவும் அதில் வல்லவர்தாம்! பாரதியார் தம் பாப்பாப் பாட்டில் ஒரு பெண் குழந்தைக்கு நாளைப் பங்கிட்டுக் கொடுக்கும்போது, காலையைப் படிப்புக்கும் மாலையை விளையாட்டுக்கும் ஒதுக்கினார். நம் காலத்துச் சான்றும் உண்டு. சென்னையைச் சேர்ந்த வைஷாலி சிறுமியாக இருந்தபோது தொலைக்காட்சியில் கார்ட்டூன் பார்ப்பதைக் குறைக்கவே பெற்றோர் அவரைச் சதுரங்கத்தில் சேர்த்தார்கள். அவர் 2023 டிசம்பரில் கிராண்ட்மாஸ்டர் தகுதியை எட்டினார். இந்தியப் பெண்களில் அவர் மூன்றாமவர். அக்காளைப் பார்த்து ஆட வந்தவரே தம்பி பிரக்ஞானந்தா. அந்தப் பெற்றோர் பிள்ளையை ஆடாதே என்று தடுக்கவில்லை. எதை ஆடலாம் என்று தேர்ந்து கொடுத்தார்கள். நாங்கள் கேட்பதும் அதைத்தான்.

அப்படியானால் எப்படித் தேர்வது? பெரும்பாலோர் செய்யும் பிழை, முதலில் கருவியை வாங்கிவிட்டுப் பிறகு அதில் என்ன ஆடலாம் என்று தேடுவது. இது தவறு என்பதற்கு வீடியோ கேம் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1989ஆம் ஆண்டு ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோ, 'கேம் பாய்' என்ற கையடக்கக் கருவியை வெளியிட்டது. குன்பேய் யோக்கோய் என்பவரின் குழு உருவாக்கியது அது. அதன் திரையில் வண்ணமே கிடையாது. விலை மலிந்த பழைய தொழில்நுட்பத்தைப் புதிய வழியில் பயன்படுத்தவேண்டும் என்பதே அவர் கொள்கை. மறு ஆண்டே சேகா நிறுவனம் 'கேம் கியர்' என்ற வண்ணத்திரைக் கருவியைக் கொண்டுவந்தது. பார்ப்பதற்கு எத்தனை அழகு! ஆனால் அது 6 பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்தது. கேம் பாயோ 4 பேட்டரிகளில் அதைவிடப் பன்மடங்கு நேரம் ஓடியது. அதோடு, 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பாஜித்னோவ் உருவாக்கிய 'டெட்ரிஸ்' ஆட்டம் அமெரிக்காவில் கேம் பாயுடன் சேர்த்தே விற்கப்பட்டது. விழுகின்ற கட்டங்களை அடுக்கும் அந்த எளிய ஆட்டத்துக்கு வண்ணம் தேவைப்படவில்லை. முடிவு என்ன? கேம் கியர் ஏறத்தாழ 1 கோடி விற்றது. கேம் பாய், பின்னால் வந்த அதன் வண்ண வகையையும் சேர்த்து, 11 கோடிக்கு மேல் விற்றது. கருவியின் பகட்டைவிட ஆட்டத்தின் சுவையே வென்றது என்பது கண்கூடு.

ஆகவே முதலில் ஆட்டத்தைத் தேர்வோம். ஓர் ஆட்டத்தைக் கையில் எடுக்குமுன் நான்கு கேள்விகளைக் கேட்கலாம் என்பது எங்கள் துணிபு.

ஒன்று, அது பணத்தைப் பந்தயமாகக் கேட்கிறதா? கேட்டால் அது விளையாட்டே அன்று, சூது. தருமர் நாடிழந்த கதை நமக்குத் தெரியாததா? பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது.

இரண்டு, 'இலவசம்' என்று சொல்லிவிட்டு உள்ளே கடை விரிக்கிறதா? இலவச ஆட்டங்கள் பலவற்றில் வீரனுக்குச் சட்டை, துப்பாக்கிக்கு வண்ணம் என்று விற்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று காட்டாமலே பெட்டியை விலைக்குக் கொடுக்கும் ஆட்டங்களும் உண்டு. இத்தகைய பெட்டிகள் சூதாட்டமே என்று பெல்ஜியம் நாடு 2018இல் அறிவித்தது. எங்களுக்குத் தெரிந்த ஒரு சிறுவன் தன் தாயின் கைப்பேசியிலிருந்து இப்படிச் சிறுகச் சிறுகச் செலவழித்த தொகை, அந்தத் தாயின் ஒரு வாரக் கூலி. திரைக்குள் இருக்கும் பொம்மைக்குச் சட்டை வாங்க, வெயிலில் நின்று மிளகு பறித்த காசு போயிற்று.

மூன்று, அது நம் வயதுக்கு ஏற்றதா? திரைப்படங்களுக்குத் தணிக்கைச் சான்று இருப்பதுபோல் ஆட்டங்களுக்கும் 3, 7, 12, 16, 18 என்று வயதுக் குறி உண்டு. ஆட்டத்தைப் பதிவிறக்கும் பக்கத்திலேயே அது இருக்கும். நாம்தான் பார்ப்பதில்லை.

நான்கு, வேண்டும்போது நிறுத்தமுடியுமா? சில ஆட்டங்களுக்கு முடிவே இல்லை. இன்று வராவிட்டால் நேற்றைய பரிசும் போய்விடும் என்று அச்சுறுத்தி அழைப்பவையும் உண்டு. விளையாட்டைக் கட்டுப்படுத்த இயலாமல், மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம் கொடுத்து, கேடு வந்தபின்னும் விடமுடியாதிருக்கும் நிலையை உலக சுகாதார அமைப்பு 2019இல் நோய்களின் பட்டியலில் சேர்த்தது. ஆடுகிறவர் எல்லாரும் நோயாளர் என்பது இதன் பொருளன்று. பொதுவாக ஓராண்டுக் காலம் இந்நிலை நீடித்தால்தான் நோய் என்கிறார்கள். ஆயினும் வரும் முன் காப்பதுதானே அறிவுடைமை?

இந்த நான்கு கேள்விகளிலும் தேறும் ஆட்டங்கள் உண்டா? ஏராளம் உண்டு. ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதன் பெயர் 'வெண்பா'. கனடாவின் டொரன்டோ நகரில் உள்ள விசை கேம்ஸ் என்ற சிறிய நிறுவனம் 2023 ஜூலையில் வெளியிட்டது. தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய வெண்பா என்னும் தாயின் கதை. அவளுடைய அம்மாவின் சமையல் குறிப்பேடு சிதைந்து, எழுத்துகள் அழிந்துபோய்விடுகின்றன. எதற்குப் பின் எதைச் செய்வது என்று ஆடுகிறவர் ஊகித்து இட்டிலி முதலான பண்டங்களைச் சமைக்கவேண்டும். மகன் வளர வளரத் தாய்மொழியைவிட்டு விலகுவதையும் அது காட்டுகிறது. கொலை இல்லை, பந்தயம் இல்லை. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு, முதல் படைப்புக்கான விருதை இதற்கு வழங்கியது. நம் அடுப்பங்கரையும் உலக மேடை ஏறுமென்று யார் எண்ணியிருப்பார்கள்!

இனிக் கருவிக்கு வருவோம். 'யானையைக் கட்டித் தீனி போடமுடியுமா?' என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். யானை நடமாடும் மலையில் வாழும் எங்களுக்கு அதன் தீனியைப் பற்றி யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. கன்சோலும் அப்படித்தான். பிளேஸ்டேஷன் 5 நம் நாட்டில் 2021 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 49,990 ரூபாய். அத்தோடு முடிந்ததா? அப்போது வந்த பெரிய ஆட்டம் ஒன்றின் விலை ஏறத்தாழ 5,000 ரூபாய். விலை கொடுத்து வாங்கிய ஆட்டங்கள் பலவற்றை இணையத்தில் பிறரோடு ஆடவேண்டுமானால் தனியே சந்தா கட்டவேண்டும். ஏற்ற தொலைக்காட்சிப் பெட்டி வேண்டும். மின்சாரம் ஏறி இறங்கும் ஊரில் ஸ்டெபிலைசர் வேண்டும். பல ஆட்டங்கள் பத்துக்கணக்கான ஜிபி அளவுடையவை. எங்கள் ஊர்ச் சிக்னலில் அவற்றை இறக்கி முடிப்பதற்குள் அடுத்த காப்பிப் பருவமே வந்துவிடும்!

இன்னொரு நுட்பமும் உண்டு. அந்தக் கன்சோலில் தட்டு போடும் வகை, தட்டில்லா வகை என இரண்டு வந்தன. தட்டில்லாதது 10,000 ரூபாய் குறைவு. ஆனால் தட்டாக வாங்கிய ஆட்டத்தைத் தோழிக்கு இரவல் கொடுக்கலாம். ஆடி முடித்தபின் பாதி விலைக்காவது விற்கலாம். தட்டில்லாமல் வாங்கியதை அப்படிச் செய்ய இயலாது. மலிவு என்று வாங்குவது பின்னால் மலிவாக இருப்பதில்லை.

கணினியில் ஆடுவோருக்கு ஒரு சொல். விற்பனைக்கு வரும் ஒவ்வோர் ஆட்டத்தின் பக்கத்திலும் அதற்குத் தேவையான குறைந்தபட்ச நினைவகம், கிராபிக்ஸ் திறன் முதலியவை எழுதப்பட்டிருக்கும். அதை வீட்டிலுள்ள கணினியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புதிதாக எதையும் வாங்கத் தேவையே இல்லை என்று பல நேரம் தெரியவரும்.

எங்கள் தோழி வீட்டில் நடந்ததும் அதுவே. அவள் அக்கா பிளஸ் டூ படித்தபோது பெற்ற, தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினி பரணில் தூங்கிக்கொண்டிருந்தது. 2011இல் தொடங்கிய அத்திட்டத்தால் பல வீடுகளில் இப்படி ஒன்று இருக்கும். அப்பா அதைத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோய், நினைவகத்தைக் கூட்டி, பழைய வட்டை எடுத்துவிட்டு வேகமான எஸ்.எஸ்.டி. பொருத்தி வந்தார். ஆன செலவு, கன்சோல் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மிஞ்சிய பணத்தில் கூரை மாறியது. கட்டணமும் விளம்பரமும் இல்லாத லிசெஸ் தளத்தில் இப்போது அண்ணனும் தங்கையும் சதுரங்கம் ஆடுகிறார்கள். அண்ணனுக்கு முழு மகிழ்ச்சி என்று பொய் சொல்லமாட்டோம். அவர் விரும்பிய கால்பந்து ஆட்டம் அதில் திக்கித் திணறுகிறது. வேலைக்குப் போனபின் தம் சம்பளத்தில் கன்சோல் வாங்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அது அவர் உரிமை. யாரும் குறை கூறமாட்டோம்.

ஆனால் இக்கதையின் முக்கியமான பகுதி இனிமேல்தான். மடிக்கணினி வந்ததும் யாருக்கு எத்தனை மணி என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். அண்ணனுக்கு ஒரு மணி, தங்கைக்கு ஒரு மணி. ஒரு வாரம் சென்றபின் பார்த்தால் தங்கையின் மணி ஆடப்படாமலே கிடந்தது. ஏன்? அந்த நேரத்தில் அவள் தண்ணீர் எடுத்தாள், பாத்திரம் துலக்கினாள், தம்பிக்குப் பாடம் சொன்னாள். கருவியில் பங்கு கிடைத்தது, நேரத்தில் கிடைக்கவில்லை! இதை முதலில் கண்டுகொண்டவர் யார் தெரியுமா? அப்பத்தாதான். "ஆடுறதுக்குச் சீட்டு ஒட்டுனீகளே, பாத்திரத்துக்கும் ஒரு சீட்டு ஒட்டுங்க" என்றாராம். இன்று அந்தச் சுவரில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. இரண்டாவது தாளில் அண்ணன் பெயரும் இருக்கிறது.

பெற்றோர்களே! பிள்ளைகளுக்காக ஒரு கருவி வாங்கும் நாளில் மகளையும் அருகில் அமர்த்திக் கேளுங்கள். விலையைப் பார்ப்பதற்கு முன் ஆட்டத்தைப் பாருங்கள். முடிந்தால் நீங்களும் ஒருமுறை ஆடிப் பாருங்கள். எல்லா வீடியோ கேமும் தீது என்று ஒதுக்கினால், ஒளிந்து ஆடும் பழக்கமே வளரும்.

தோழியரே! பொதுத்தேர்வு வாசலில் நிற்கிறது. இந்த ஆண்டு நமக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரமே போதும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதை நாம் அறிவோம். ஆயினும் அந்த ஒரு மணி நேரம் நம்முடையதாக இருக்கட்டும். ஆட்டத்தை நாம் தேர்ந்தெடுப்போம். ஆட்டம் நம்மைத் தேர்ந்தெடுக்க விடமாட்டோம்.

— ஆடலூர் மாணவி, பத்தாம் வகுப்பு