கோவை என்றால் கோவைப் பிள்ளைக்குப் புரியாதா?

தமிழ்ப் பிள்ளை கணக்கைக் கண்டு அஞ்சத் தொடங்கும் இடம் எது? கூட்டலன்று, கழித்தலன்று, பெருக்கல் வாய்பாடும் அன்று. எண்களுக்கு நடுவே திடுமென ஓர் எழுத்து வந்து நிற்கும் இடமே அது. அதுகாறும் மூன்றும் ஐந்தும் எட்டு என்று மிடுக்காகச் சொல்லிவந்த வாய் அவ்விடத்தே அடைத்துக்கொள்கிறது. எழுத்தை எப்படிக் கூட்டுவது?

பொள்ளாச்சித் தென்னந்தோப்பை எடுத்துக்கொள்ளட்டும் ஆசிரியர். தோப்பில் நாற்பது மரங்கள். மரத்துக்கு இத்தனை காய் என்று இன்னும் எண்ணவில்லை. எண்ணாத அத்தொகைக்குத் 'த' என்று பெயரிட்டால், தோப்பின் காய்கள் 40த. பதினைந்து காய்களை அணில் கடித்துவிட்டது. எஞ்சியவை 40த − 15. இவ்வளவுதான் செய்தி! 'த' பன்னிரண்டு என்று பின்னர்த் தெரிந்தால் 465 காய்கள். இருபது என்று தெரிந்தால் 785. மாறக்கூடியதாகலின் 'த' என்பது மாறி. மாறாது நிற்கும் 15 மாறிலி. மாறியோடு கெழுமி நிற்கும் 40 அதன் கெழு. 40த ஓர் உறுப்பு, 15 மற்றோர் உறுப்பு. உறுப்புகளைக் கூட்டல் கழித்தல் குறிகளால் கோத்தெடுத்தது கோவை. முத்தைக் கோத்தால் முத்துக்கோவை. அகத்துறைப் பாடல்களை முறையே கோத்தால் அகப்பொருட்கோவை. உறுப்புகளைக் கோத்தால் கணக்குக் கோவை. (ஊர்ப்பெயராகிய கோவை கோயம்புத்தூரின் சுருக்கம், வேர் வேறு. ஆயினும் நாள்தோறும் பேருந்துப் பலகையில் அச்சொல்லைக் காணும் பிள்ளைக்கு அது அயற்சொல்லாகத் தோன்றுமா?)

'எக்சுபிரசன்' என்று கற்கும் பிள்ளைக்கு இக்கோத்தல் கண்ணில் படுமா? படாது. ஆகவேதான் 3த + 5 என்பதை 8த என்று கூசாமல் எழுதுகிறது. மூன்று மூட்டைப் பருத்தியும் ஐந்து பருத்திக் காயும் சேர்ந்தால் எட்டு மூட்டை ஆகுமா என்று தாய்மொழியில் ஒருமுறை கேட்டால் அத்தவறு அன்றே ஒழியும். கோவைக்குச் சமக்குறி இல்லை. இரு கோவைகளைச் சமக்குறியால் இணைத்தால் அது சமன்பாடு. இவ்வேறுபாட்டையும் சொல்லே காட்டிக் கொடுக்கிறது.

எண்வகைகளும் அவ்வாறே. 1, 2, 3 என எண்ணுவன இயல் எண்கள். சுழியத்தையும் சேர்த்தால் முழு எண்கள். தரைமட்டத்தைச் சுழியம் என்று கொண்டால், கொங்குக் காட்டுக் கிணற்றில் நாற்பது அடிக்குக் கீழே கிடக்கும் நீர்மட்டம் −40. இக்குறை எண்களையும் உட்கொண்டவை முழுக்கள் என்கின்றன பாடநூல்கள். முழு எண், முழுக்கள் என இரண்டும் ஒலியில் ஒட்டிக்கொண்டு பிள்ளையை மருட்டுவது உண்மை, இது திருத்தற்குரியது. ஈழத்துப் பாடநூல்கள் குறிகொண்ட எண்களைத் திசைகொண்ட எண்கள் என்பது பெரிதும் பாராட்டத்தக்கது. (அந்நூல்களே இயற்கணிதத்தை அட்சரகணிதம் என்பது வருந்தத்தக்கது.)

அடுத்து விகிதமுறு எண்கள். தமிழனுக்கு இவை புதியனவா? மா என்பது இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. நான்கு முந்திரி ஒரு காணி. நான்கு காணி ஒரு மா. அ மா, ஆ காணி, இ முந்திரி என்னும் அளவு (16அ + 4ஆ + இ)/320 என்னும் கோவையாகும். பாட்டன் வாயால் சொன்ன கணக்கைப் பேரன் குறியால் எழுதுகிறான், வேறில்லை. எனினும் பக்கம் ஒன்றுடைய சதுர நிலத்தின் மூலைவிட்டத்தை மாவாலும் அளக்க முடியாது, முந்திரியாலும் அளக்க முடியாது; எத்துணை நுணுகிப் பகுத்தாலும் இரு முழுக்களின் வகுத்தலாக அது வாராது. அது விகிதமுறா எண். இரண்டும் சேர்ந்தவை மெய்யெண்கள்.

விகிதம் வடசொல் ஆயிற்றே எனலாம். ஆம். வகுத்து வருவது ஈவு. ஆகலின் ஈவுறு எண், ஈவுறா எண் எனின் சொல்லே இலக்கணமாகும். பகுவெண் என்றால் பகா எண்ணின் எதிர்ச்சொல்லோடு முட்டும். ஆயினும் 'இரேசனல்' என்னும் சொல்லைவிட விகிதமுறு என்பது பன்மடங்கு தெளிவானது என்பதை மறத்தலாகாது. ஆங்கிலத்தில் அச்சொல் அறிவுக்கு ஒத்தது என்றும் பொருள்பட்டு ஆங்கிலப் பிள்ளையையே குழப்புகிறது. 'ஆல்சிப்ரா' என்பதோ அரபுச் சொல். ஆங்கிலேயன் கடன்பெற்றதைத் தமிழன் மறுகடன் பெறுவதில் என்ன பெருமை?

சொல்லாக்கத்துக்குக் கொங்குநாடு பிந்தியதன்று. சேலத்தில் 1916-இல் இராசாசி முதலானோர் அறிவியற் சொல்லாக்கத்துக்குக் கழகம் கண்டனர். சொற்களில் வடமொழியே மிகுந்தது என்பது வேறு. 1940-இல் சீனிவாச சாத்திரியார் தலைமையில் அரசு அமைத்த குழு வடசொற்குக் கதவு திறக்க முற்பட்டபோது தமிழறிஞர் எதிர்த்து நின்றனர். பூ.சா.கோ. கல்லூரியின் தாமோதரனார் கோவையிலிருந்தே 'கலைக்கதிர்' இதழை நடத்தி அறிவியலைத் தமிழில் தந்தார். கொங்குநாட்டவரான சி. சுப்பிரமணியம் கல்வியமைச்சராக இருந்தபோது 1960-இல் தமிழ்வழிப் பட்டவகுப்பு தொடங்கியதும் கோவை அரசு கலைக் கல்லூரியிலேதான். 2010 சூனில் செம்மொழி மாநாடு கூடியதும் இந்நகரில். தமிழ்வழியில் பயின்றார்க்கு அரசுப்பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டமும் அவ்வாண்டே வந்தது.

உலகம் வியந்த இராமானுசன் 1887-இல் பிறந்தது ஈரோட்டில். கும்பகோணம் கல்லூரியில் அவர் உதவித்தொகையை இழந்தது கணக்கால் அன்று, ஆங்கிலத்தில் தவறியதால். எண்ணறிவுக்கும் ஆங்கில அறிவுக்கும் முடிச்சிடுவோர் இதற்கு என்ன விடை வைத்துள்ளனர்?

2012–13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. விசைத்தறி ஓட்டுவோரும் தோட்டத்துக் கூலியாளரும் தம் பிள்ளையை அங்கே சேர்க்கின்றனர். அவர்களைக் குறைகூறிப் பயனில்லை, வேலை அங்கே இருக்கிறது என்று அவர்களை நம்பவைத்தோர் வேறு. ஒரே கட்டடத்தில் ஓர் அறையில் கோவை. அடுத்த அறையில் 'எக்சுபிரசன்'. அடுத்த அறை ஆசிரியரும், பிள்ளைகள் விழிப்பதைக் கண்டதும், கதவைச் சாத்திவிட்டுத் தமிழில்தான் விளக்குகிறார். விளங்கிக்கொண்ட பிள்ளைகள் அதைத் தேர்வுத்தாளில் மட்டும் அம்மொழியில் எழுதக்கூடாது.