திட்டமும் கணக்கும்

ஒரு பள்ளியைச் சீர்திருத்தப் புகுவார்க்குக் கடமைகள் இரண்டு உள. செய்யத்தக்கன இவையெனத் தெளிந்து திட்டம் வகுத்தல் ஒன்று. செய்தன இவை, செய்யாது நின்றன இவை என்று அத்திட்டத்திற்கு உரியார்முன் கணக்கு ஒப்புவித்தல் மற்றொன்று. முன்னையது எங்கும் பேசப்படுகின்றது. பின்னையதோ பெரும்பாலும் மறக்கப்படுகின்றது. கணக்கு ஒப்புவிக்கப்படாத திட்டம் திட்டமே ஆகாது என்பதே நாம் ஈண்டு வற்புறுத்தக் கருதுவது.

இக்கருத்து நம் நாட்டிற்குப் புதியதன்று. 1958-ஆம் ஆண்டில், காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் பொதுக்கல்வி இயக்குநராகவும் விளங்கிய காலத்தில், சென்னை மாநிலத்திலே பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. பள்ளிக்கு வேண்டுவன யாவை என்று ஆசிரியரும் ஊராரும் கலந்து பட்டியல் வகுத்தனர். கட்டடம், தளவாடம், சீருடை முதலியவற்றுள் தம்மால் இயன்றதை ஊரார் ஏற்றுக்கொண்டனர். ஏற்றவை மாநாட்டில் யாவரும் அறிய எடுத்துரைக்கப்பட்டன. அண்டை வீட்டார் கேட்க வாக்களித்தவன் அதனை எளிதில் மறவான். அவ்வியக்கத்தின் வலிமை பணத்தினும் இவ்வெளிப்படையிலேயே மிகுதியும் தங்கியிருந்தது என்பது நம் துணிபு. பின்னர் 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரிக் கல்விக் குழுவும் ஒவ்வொரு கல்விநிலையமும் தனக்கெனத் திட்டம் வகுத்தல் வேண்டும் என்று பரிந்துரைத்தது.

அப்பரிந்துரையை ஒத்ததொரு கடமையைச் சட்டமாக்கியது 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். அது 2010 ஏப்ரல் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் 21-ஆம் பிரிவு, அரசு உதவிபெறாத தனியார் பள்ளிகள் நீங்கலாக, ஏனைய பள்ளிதோறும் மேலாண்மைக் குழு அமைக்கப் பணிக்கின்றது. குழுவினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருத்தல் வேண்டும். பாதிப்பேர் பெண்டிராதல் வேண்டும். 22-ஆம் பிரிவின்படி அக்குழுவே பள்ளி வளர்ச்சித் திட்டத்தை வகுத்தற்கு உரியது; அரசு வழங்கும் நிதிக்கும் அத்திட்டமே அடிப்படை. கூலிவேலை செய்யும் தாய் ஒருத்தி, தன் மகவு பயிலும் பள்ளிக்கு யாது வேண்டும் என்று சொல்ல, அரசு அதனைக் கேட்கக் கடமைப்பட்டது! இதனினும் உயர்ந்த குடியாட்சி யாண்டு உளது?

ஆயினும், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஆண்டிறுதியில் மேலிடத்திலிருந்து படிவம் வருகின்றது. தலைமையாசிரியர் இரவெல்லாம் விழித்துத் தாமே அதனை நிரப்புகின்றார். மறுநாள் குழுவினர் கையொப்பம் இடுகின்றனர். இங்ஙனம் நிகழும் இடங்களும் உள. இதற்கு ஆசிரியரை மட்டும் குறைகூறல் அறமன்று. இருவரே ஐந்து வகுப்புகளையும் தாங்கும் பள்ளியில், கலந்து பேசுதற்கும் பொழுது வேண்டுமன்றோ? எனினும் இழப்பு பெரிது. மழைநாளில் எவ்வழி நீரில் மூழ்கும், பெண்மக்கள் எதனால் பள்ளிக்கு வர அஞ்சுகின்றனர், அறுவடைக் காலத்தில் எவர் வகுப்பில் இரார் என்பனவற்றைப் படிவம் அறியாது, தாயர் அறிவர்.

நல்ல திட்டம் நீண்டதாதல் வேண்டா. நாற்பது விருப்பங்களினும் செய்து முடிக்கத்தக்க மூன்று செயல்கள் மேல். ‘வாசிப்புத் திறன் உயர்த்தப்படும்’ என்று எழுதுதல் எளிது. அதனை எவரும் அளந்தறியார். எடுத்துக்காட்டாக, ‘மூன்றாம் வகுப்பினர் 30 பேருள் 12 பேர் எழுத்துக்கூட்டி வாசிக்க இடர்ப்படுகின்றனர். பொங்கலுக்குள் அத்தொகையை 4-ஆகக் குறைத்தல் வேண்டும். நாள்தோறும் அரைமணி இன்ன ஆசிரியர் இதற்கென ஒதுக்குவார்’ என்று எழுதின், இன்றைய நிலை, எய்தவேண்டிய நிலை, பொறுப்பாளர், காலவரை ஆகிய நான்கும் விளங்கும். அதன் பின்னரே கணக்குக் கேட்பதற்கும் கொடுப்பதற்கும் இடம் உண்டாகும்.

இனி, அறிக்கை எவ்வாறு அமைதல் வேண்டும்? அது மேலிடத்திற்கு மட்டும் எழுதப்படுவதன்று. எழுத்தறியாத் தாயும் கேட்டு உணருமாறு, எளிய தமிழில், கூட்டத்தில் உரக்க வாசிக்கப்படுதல் வேண்டும். வந்த பணமும் சென்ற பணமும் ரூபாய்க் கணக்கில் காட்டப்படுக. முடிந்தது, முடியாதது, முடியாமைக்குக் காரணம் ஆகிய மூன்றும் ஒருங்கே கூறப்படுக. பின்தங்கிய பிள்ளைகளின் தொகையைச் சொல்லலாம், பெயரைச் சொல்லலாகாது. ஒரு குழந்தையின் நாணத்தை விலையாகக் கொடுத்துப் பெறும் சீர்திருத்தம் நமக்கு வேண்டா.

‘குறையை வெளியிடின் பள்ளியின் பெயர் கெடும்; பெற்றோர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவர்’ என்பார் உளர். அவர் அச்சம் பொருளற்றதன்று. ஆயினும், பிள்ளை வாசிக்க அறியாமையை வீட்டில் உள்ளோர் முன்னரே அறிவர். அவர் அறியாதது, பள்ளியும் அதனை அறிந்து ஆவன செய்கின்றது என்பதே. மறைத்தலால் கெடுவது குறையன்று, நம்பிக்கையே. மேலதிகாரிகளும் ஒன்று உணர்தல் வேண்டும். உண்மை எழுதிய தலைமையாசிரியரைக் கடிந்து, எல்லாம் நன்றென்று எழுதியவரைப் பாராட்டுவாராயின், அடுத்த ஆண்டு எல்லா அறிக்கையும் நன்றென்றே வரும். பள்ளிகளோ இருந்தவாறே இருக்கும்.

நம் கலாசாலையார்க்கு இதில் தனியே சிந்திக்கத்தக்கது ஒன்று உண்டு. 2012-ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டபொழுது, சிறுபான்மையினர் நிறுவி நடாத்தும் பள்ளிகளும் அரசு உதவிபெறும் பள்ளிகளும் வளர்ச்சித் திட்டம் வகுக்கும் கடமையினின்று விலக்கப்பட்டன. அங்கெல்லாம் மேலாண்மைக் குழு அறிவுரை கூறும் அளவினதே என்று அத்திருத்தம் வகுத்தது. ஆகவே மிஷன் பள்ளிகளைச் சட்டம் இவ்வகையில் கட்டுப்படுத்துவதில்லை. அரசியலமைப்பின் 30-ஆம் உறுப்பு சிறுபான்மையினர்க்கு அளித்துள்ள உரிமை அருமையானது. அது காக்கப்படல் வேண்டும். ஆனால், சட்டத்தினின்று பெற்ற விலக்கு பொறுப்பினின்று பெற்ற விலக்காகுமோ? கோபுரங் கட்டக் கருதியவன் முன்னர்ச் செலவைக் கணக்கிடல் வேண்டும் என்றும், தாலந்துகளைப் பெற்ற ஊழியர் எசமானன் வருங்கால் கணக்கு ஒப்புவித்தனர் என்றும் மறைமுகவாயிலாகக் கேட்டு வளர்ந்த நமக்கு இதனைப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. கட்டளையால் ஒருவன் செய்வதை, விடுதலை பெற்றவன் விருப்பத்தால் செய்வானாயின், அதுவன்றோ அவ்விடுதலைக்கு அழகு! நம் பள்ளிகளின் தாளாளர்கள் ஆண்டுதோறும் பெற்றோரைக் கூட்டித் திட்டம் வகுத்து, மறு ஆண்டு அவர்கள் முன்னிலையிலேயே கணக்கு வாசிப்பாராக.

பழைய மாணவர்க்கும் இதில் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 2024-ஆம் ஆண்டு அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்கள் மீண்டும் அமைக்கப்பட்டபொழுது முன்னாள் மாணவரும் அவற்றுள் சேர்க்கப்பட்டனர். நம்முள் பலர் ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து இக்கலாசாலைக்கு வந்தவர். சிலர் ஆசிரியராகத் திரும்பிச் செல்லவிருப்பவர். இவ்விடுமுறையில் நம் ஊர்ப் பள்ளிக்குச் சென்று, சென்ற ஆண்டின் திட்டத்தைப் பணிவுடன் கேட்டு வாசிப்போமாக. அதில் எது நிறைவேறிற்று என்று வினவுவோமாக. நிறைவேறாதவற்றுள் நம்மால் இயன்ற ஒன்றனை ஏற்று, அதற்குரிய நாளையும் குறித்துக் கொடுப்போமாக.