கழுத்து வீக்கத்துக்குப் பற்று வேண்டாம்



கைக்குழந்தையின் கழுத்தில் மெத்தென்று வீக்கம் தெரிந்தால், 'வளர வளரக் கரைந்துவிடும்' என்று பற்று போடுகிறார்கள், மந்திரிக்கிறார்கள். சூடு வைத்த தழும்போடு வந்த குழந்தைகளைக்கூட செவிலியராக நான் பார்த்திருக்கிறேன். மனம் பதறுகிறது.

கருவிலேயே நிணநீர்க் குழாய்கள் சரிவர உருவாகாததால் வரும் 'சிஸ்டிக் ஹைக்ரோமா' என்ற நீர்க்கட்டி, பெரும்பாலும் 2 வயதுக்குள் வெளியே தெரிந்துவிடும். இது புற்றுநோய் அல்ல. ஆனால் சளி, காய்ச்சல் வந்தாலோ கட்டிக்குள் ரத்தம் கசிந்தாலோ திடீரெனப் பெருத்து மூச்சுக்குழாயை நெரிக்கக்கூடும். மூச்சை உள்ளே இழுக்கையில் கீச்சென்ற சத்தம், நெஞ்சு உள்வாங்குதல், பால் குடிக்கையில் திணறல் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

ஸ்கேன் பார்த்து, ஊசிவழி மருந்து செலுத்திக் கட்டியைச் சுருக்கலாம். தேவைப்பட்டால் அறுவை சிகிச்சையும் உண்டு. சில கட்டிகள் மறுபடி தலைகாட்டும் என்பதால் தொடர் கவனிப்பு அவசியம்.

பிறவிக் குறைகளைக் கண்டறியும் தேசியத் திட்டம் 2013 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6-வது வாரத் தடுப்பூசிக்கு வரும் ஒவ்வொரு குழந்தையின் கழுத்தையும் தடவிப் பார்க்கும்படி சுகாதாரத் துறை கண்டிப்பாக அறிவுறுத்த வேண்டும்.

ஓய்வுபெற்ற செவிலியர்,
திருச்சி