சி ஏ டி சேர்ந்தால் எப்படி ‘கேட்’ ஆகும்?

எங்கள் குடியிருப்பின் மாலை நேரப் பாடசாலையில் அய்ந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஆங்கிலப் பாடத்தில் ஒரு பக்கத்தைத் தட்டாமல் தடங்காமல் படித்தாள். விரல் மட்டும் இரண்டு வரி பின்னால் போய்க்கொண்டிருந்தது. சந்தேகம் வந்து, தாளில் ‘கேப்’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினேன். “கேட்” என்றாள். ‘கேன்’ எழுதினேன். அதற்கும் “கேட்”தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சி ஏ டி கேட், கேட்டுன்னா பூனை” என்று முழுதாக ஒப்பித்தாள்.

பள்ளியில் போய்க் கேட்டோம். “அந்தக் காலனிப் பிள்ளைங்களுக்கு வராதுங்க. வீட்ல சொல்லிக்கொடுக்க ஆளில்ல” என்றார் ஆசிரியர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, இரக்கத்தோடுதான் சொன்னார்.

‘வராது’ என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சீ, ஏ, டீ மூன்றையும் எவ்வளவு வேகமாகச் சேர்த்துச் சொன்னாலும் ‘சீயேடீ’ வருமே தவிர ‘கேட்’ வராது. ஆங்கிலத்தில் எழுத்தின் பெயர் வேறு, அது தரும் ஒலி வேறு. ‘கேட்’டில் ‘க்’ என்று ஒலிக்கும் அதே எழுத்து ‘சிட்டி’யில் ‘ஸ்’ என்று ஒலிக்கும். எந்த எழுத்து எங்கே எந்த ஒலியைத் தரும், ஒலிகளைக் கூட்டிச் சொல்லாக்குவது எப்படி என்று வரிசையாகக் கற்றுத் தருவதுதான் ஃபோனிக்ஸ். அதைச் சொல்லித் தராமலேயே அய்ந்து வருடம் அவளை உட்கார வைத்திருக்கிறார்கள். அவளோ கண்ணால் படிக்க முடியாததைக் காதால் கேட்டு ஒரு பக்கம் முழுக்க மனப்பாடம் செய்திருக்கிறாள். அவளுக்கா வராது?

மூன்று தலைமுறையாகப் படித்த வீட்டில் இந்த வேலையை அம்மா மடியில் வைத்தே முடித்துவிடுகிறார். அங்கே விட்டுப்போனால் தெருமுனையில் அபாகஸ், கையெழுத்து, ஃபோனிக்ஸ் என்று ஒரே பலகையில் எழுதிவைத்துக் காசு வாங்கும் வகுப்பு இருக்கிறது. வீடும் காசும் செய்த வேலையைப் பள்ளிக்கூடம் குழந்தையின் ‘அறிவு’ என்று கணக்கில் எழுதிக்கொள்கிறது. நுழைவுத் தேர்வு வாசலில் நம்மிடம் கேட்கப்படும் ‘தகுதி’, ஒன்றாம் வகுப்பில் இப்படித்தான் முளைவிடுகிறது.

ஆனால் என் சண்டை நம் பக்கத்துத் தோழர்களோடும்தான். எழுத்தையும் ஒலியையும் பயிற்சியாகச் சொல்லித் தர வேண்டும் என்றால் “மனப்பாடக் கல்வி”, “குழந்தை கதைகளோடு புழங்கினால் வாசிப்பு தானாக வரும்” என்கிறார்கள். சொல்பவர்கள் வீட்டில் புத்தக அலமாரி இருக்கிறது. உடனே பாவ்லோ ஃப்ரெய்ரே பெயரையும் இழுப்பார்கள். அந்த ஃப்ரெய்ரே என்ன செய்தார்? 1963இல் பிரேசிலின் அங்கிகோஸ் ஊரில் ஏறக்குறைய 300 உழைக்கும் மக்களுக்கு எழுத்தறிவித்த முறையில், மக்கள் வாழ்விலிருந்து ஒரு சொல்லை எடுத்து, அதைப் பற்றிப் பேசவைத்து, பிறகு அதை ஒலி ஒலியாகப் பிரித்தார். செங்கல்லைக் குறிக்கும் ‘டிஜோலோ’ என்ற சொல் அவருடைய புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. அதைப் பிரித்து த, தெ, தி, தொ, து என்று குடும்பம் குடும்பமாக எழுதிக் காட்டி, அவற்றைக் கொண்டு புதுச் சொற்களை அவர்களே உருவாக்க வைத்தார். நம்முடைய க, கா, கி, கீ வரிசையின் உறவுக்காரன்தான் அது. செங்கல்லின் அரசியலையும் பேசினார், எழுத்துக்கூட்டவும் கற்றுக்கொடுத்தார். நம் ஆட்கள் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுகிறார்கள். அமெரிக்காவில் 2000இல் வெளிவந்த தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கையும் முறையான ஃபோனிக்ஸ் பயிற்சி, அதிலும் தொடக்க வகுப்புகளில், பயன் தருகிறது என்றே சொன்னது.

பெரியார் 1935இல் ‘குடிஅரசு’ இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தொடங்கியதும் இதே கணக்கில்தான். ‘கா’வுக்கு ஒரு துணைக்கால், ‘னா’வுக்கு மட்டும் ஏன் தனி வடிவம்? ‘கை’க்கு இருக்கும் குறி ‘லை’க்கு ஏன் ஆகாது? ஒரே ஒலிக்கு ஒரே குறி இருந்தால் கற்பவருக்குச் சுமை குறையும். அந்த 13 எழுத்து மாற்றங்களை அரசு ஏற்க 1978 வரை ஆனது. மொழியின் புனிதம் கெட்டுவிடும் என்று அலறியவர்களுக்கு ஏற்கெனவே படிக்கத் தெரியும் என்பதைக் கவனியுங்கள்.

தமிழில் இன்னொரு கொடுமை நடக்கிறது. ‘வாழைப்பழம்’ என்று எழுதியிருப்பதை ஒரு குழந்தை ‘வாயப்பயம்’ என்றோ ‘வாளப்பளம்’ என்றோ படித்தால் அது சரியாகப் படித்துவிட்டது என்று பொருள். எழுத்தைப் பார்த்து, தன் வீட்டுப் பேச்சில் அதற்குள்ள ஒலியைக் கண்டுபிடித்துவிட்டது. அதன் தலையில் குட்டி “சேரிப் பேச்சு” என்பவர் திருத்துவது வாசிப்பை அல்ல, பிறப்பை. ழகரத்தைப் பிறகு பழக்கலாம். வாயை மூடிக்கொண்ட குழந்தையைத் திறக்க வைப்பது கடினம்.

ஃபோனிக்ஸ் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. கதைப் புத்தகம் வேண்டும், பேச்சு வேண்டும், நூலகம் வேண்டும். எழுத்துக்கூட்டத் தெரியாதவருக்கு நூலகம் பூட்டிய அறை.

2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்தது. பெயர்கள் அழகு. உங்கள் ஊர்ப் பள்ளியில் இரண்டு வருடமாக அரும்பிலேயே இருப்பவர் எந்தத் தெருப் பிள்ளைகள் என்று போய்ப் பாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அடுத்த கூட்டத்துக்கு நம் தெருப் பெற்றோரோடு நீங்களும் போங்கள். பாடப்புத்தகத்தில் இல்லாத பத்துச் சின்னச் சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி எடுத்துப்போய், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். படிக்க முடியாவிட்டால், எழுத்தொலிப் பயிற்சிக்கு வாரத்தில் எத்தனை பாடவேளை ஒதுக்கினீர்கள் என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுத வையுங்கள்.