அடியில் எழுதும் அந்தச் சிறு எண்

“ஒரு சின்ன எண்ணை விட்டதற்காகவா டீச்சர் அரை மதிப்பெண் போயிற்று?” என்று விடைத்தாளை வாங்கியதும் மாணவியர் முறையிடுவதுண்டு. பெற்றோரில் சிலரும் அவ்வாறே எண்ணுகின்றனர். குறைத்தது சரியே என்பது என் கருத்து.

ஒரு கார்பன் அணுவோடு இரண்டு ஆக்ஸிஜன் அணுக்கள் சேர்ந்தால் கார்பன் டை ஆக்ஸைடு. நம் மூச்சிலும், சிற்றாலயத்து மெழுகுதிரிச் சுடரிலும் வெளிவருவது அதுதான். செடிகள் அதைக்கொண்டே உணவு சமைக்கின்றன. அந்த இரண்டில் ஓர் ஆக்ஸிஜன் குறைந்தாலோ, கார்பன் மோனாக்ஸைடு! நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இதைப் பற்றிக்கொள்ளும். குளிருக்காகக் கரியடுப்பை அறைக்குள் வைத்து, கதவு சன்னல்களை அடைத்துவிட்டு உறங்கியவர்கள் விடிந்தபின் எழாமற்போவது இதனால்தான். விடைத்தாளில் விட்டுப்போனது அந்த ‘2’ அன்றோ?

சரி, எந்தத் தனிமம் எந்த விகிதத்தில் என்று தெரிந்தால் போதுமா? அதுவும் போதாது. விளையாட்டு விழாவில் ஓடிக் களைத்தவர்களுக்குக் கரைத்துக் கொடுக்கிறோமே, அந்தக் குளுக்கோஸ். சமையலறை வினிகரிலுள்ள அசெட்டிக் அமிலம். ஆய்வுக்கூடத்துப் புட்டியில் தவளையைக் கெடாமல் காக்கும் ஃபார்மலினிலுள்ள ஃபார்மால்டிஹைடு. மூன்றிலும் கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் அணுக்கள் 1:2:1 என்ற ஒரே விகிதத்தில்தான் உள்ளன! ஃபார்மால்டிஹைடு மூலக்கூறில் ஒரு கார்பன், அசெட்டிக் அமிலத்தில் 2, குளுக்கோஸில் 6. ஒன்று நஞ்சு, ஒன்று புளிப்பு, ஒன்று இனிப்பு.

எண்ணிக்கையும் ஒன்றாகவே இருந்து, அணுக்கள் இணைந்திருக்கும் முறை மட்டும் மாறினாலும் பொருள் மாறிவிடும். 1828இல் ஜெர்மானிய அறிஞர் வோலர், அம்மோனியம் சயனேட்டிலிருந்து சிறுநீரில் காணப்படும் யூரியாவைப் பெற்றார். ஓர் அணு கூடவுமில்லை, குறையவுமில்லை. இடம் மாறி அமர்ந்தன, அவ்வளவே. உயிருள்ள உடலில் மட்டுமே இத்தகைய பொருள் உண்டாகும் என்று பலர் நம்பியிருந்த காலம் அது.

இவ்வளவு சுவையான செய்தியை வாய்பாடுபோல் மனப்பாடம் செய்ய வைத்த குற்றம் ஆசிரியைகளாகிய எங்களுடையது. ஒத்துக்கொள்கிறேன். களிமண் உருண்டைகளையும் ஈர்க்குச்சிகளையும் கையில் கொடுத்து, “கார்பனுக்கு நான்கு குச்சி, ஆக்ஸிஜனுக்கு இரண்டு, ஹைட்ரஜனுக்கு ஒன்று, இணைத்துப் பாருங்கள்” என்று முதல் வகுப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும். வரும் ஆண்டில் அப்படியே தொடங்க எண்ணியிருக்கிறேன். களிமண் கறை படிந்த சீருடையோடு மகள் வீடு வந்தால் தாய்மார்கள் பொறுத்தருள்க.

அந்த அரை மதிப்பெண் மட்டும் திரும்பக் கிடையாது.