நெல் வயல் நடுவே எழுந்த சினிமாக் கொட்டகைகள்

இடிபடுமுன் ஏட்டில் ஏறட்டும்!

தஞ்சை வட்டாரத்துப் பழைய சினிமாக் கொட்டகைகள் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. சில, கலியாண மண்டபமாகி விட்டன. சில, சரக்குக் கிடங்காகி விட்டன. இடிக்கப்பட்டு, கடைகளாக எழுந்தவையும் உண்டு.

"கொட்டகை போனால் என்ன? படம்தான் கைப்பேசியிலேயே வருகிறதே!" என்று சிலர் கேட்கலாம். போவது படம் அல்ல. காவிரிப் படுகையின் வரலாற்றில் ஓர் அத்தியாயமே போகிறது!

கூடாரத்தில் பிறந்த தொழில்

தமிழ்நாட்டின் ஊர் சுற்றும் சினிமா, தஞ்சைக்குப் பக்கத்து ஊரான திருச்சியில் பிறந்தது. ஆண்டு 1905. டூபான் என்ற பிரெஞ்சுக்காரர், படம் காட்டும் கருவியோடு அங்கு வந்தார். உடல் நலம் குன்றியதால் நாடு திரும்ப விரும்பினார். அவருடைய கருவியையும் படங்களையும் விலைக்கு வாங்கியவர், ரெயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட்.

உத்தியோகத்தை உதறிவிட்டு, கூடாரத்தோடு ஊர் ஊராகப் புறப்பட்டார் அவர். 1914-ல் கோவையில் "வெரைட்டி ஹால்" என்ற நிரந்தரக் கொட்டகையைக் கட்டினார்.

அறுவடையும் சினிமாவும்

நெல் விளையும் ஊர்களுக்குக் கூடாரம்தான் பொருத்தம். காரணம் எளிது. சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில்தான் ஜனங்கள் கையில் காசு புரளும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கொட்டகைக்கு யார் வருவார்கள்? கூலியாகக் கிடைத்ததோ பெரும்பாலும் நெல். டிக்கெட்டுக்கோ காசு வேண்டும்!

ஆண்டு முழுதும் கூட்டம் வந்தால்தான் செங்கல் கட்டடம் கட்டுப்படியாகும். ரெயிலும், கடைத்தெருவும், மின்சாரமும் இருந்த தஞ்சை, கும்பகோணம் போன்ற நகரங்களில்தான் அது முடிந்தது. தஞ்சை ஞானம், யாகப்பா. குடந்தை டைமண்ட், நூர்மகால் ஆகியவை பெரியவர்கள் மறக்காத பெயர்கள். கிராமங்களுக்கு டூரிங் டாக்கீஸ்தான் கதி. எண்ணெய் எஞ்சின் ஓடும், மணல் தரை, ஒரே புரொஜெக்டர். ஆகவே படத்துக்குப் பல இடைவேளை!

கட்டடத்தை மாற்றிய சட்டம்

அந்த நாளைய பிலிம் சுருள் எளிதில் தீப்பற்றக் கூடியது. ஆகவே 1918-ம் ஆண்டு சினிமாச் சட்டம், லைசென்ஸ் இல்லாமல் படம் காட்டக் கூடாது என்றது. தீப்பிடிக்காத தனி அறையில் புரொஜெக்டர், தாராளமான வாசல்கள். இப்படித்தான் கொட்டகைக்குத் தனி உருவம் கிடைத்தது.

1931-ல் "காளிதாஸ்" பேசியது. ஊமைப் படத்துக்கு உரக்கக் கதை சொன்னவருக்கு வேலை போயிற்று. "டாக்கீஸ்" என்ற பெயர் நிலைத்தது.

ஒரே கூரை!

இலங்கைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி ஓர் உண்மையை எடுத்துக் காட்டினார். தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான். அங்கே இடத்தை நிர்ணயித்தது பிறப்பு அல்ல, டிக்கெட் விலை என்றார் அவர்.

தஞ்சைக்கு இது எவ்வளவு பெரிய செய்தி! தாழ்த்தப்பட்டோர் கோவிலுக்குள் செல்ல, சென்னை மாகாணத்தில் 1947-ல் சட்டம் வர வேண்டியிருந்தது. தஞ்சைப் பண்ணையாளுக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952-ல். தரை டிக்கெட் வாங்கப் பண்ணையாளுக்கு எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை. மிராசுதாருக்கு நாற்காலி, பண்ணையாளுக்குத் தரை. ஆனால் திரை ஒன்று! இது முழுச் சமத்துவம் அல்ல. காசு பிரித்த இடம்தான். ஆனாலும், காசு சேர்ந்தால் தரையிலிருந்து பெஞ்சுக்குப் போகலாம். சாதியில் அந்த வழி கிடையாதே!

செய்ய வேண்டியது என்ன?

கொட்டகைகள் பெரும்பாலும் ஊர் நடுவில் இருக்கின்றன. மனையின் விலை ஏறுகிறது. டிக்கெட் வசூல் அதை எட்டுவதில்லை. முதலில் தொலைக்காட்சி, பிறகு கைப்பேசி கூட்டத்தைக் குறைத்தன. இந்நிலையில், "இடிக்காதே" என்று உரிமையாளரிடம் சொல்வது நியாயம் ஆகாது. நட்டத்தைச் சுமப்பவர் அவர்.

ஆனால் நினைவைக் காப்பாற்றச் செலவு அதிகம் இல்லை. 1955-ம் ஆண்டுச் சட்டப்படி, மாவட்டங்களில் லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரி கலெக்டர். விண்ணப்பத்தோடு கட்டட வரைபடமும் கொடுக்க வேண்டும். அந்தப் பழைய கோப்புகள் கழிவுக் காகிதமாகப் போகாமல் ஆவணக் காப்பகத்துக்குப் போகட்டும். இடிக்குமுன் புகைப்படம் எடுத்து, அளவு குறித்து வைக்கட்டும். தஞ்சையில் பல்கலைக்கழகங்களுக்கா பஞ்சம்? மாணவர்கள் இதைச் செய்யலாம். ஆபரேட்டராகவும் டிக்கெட் கிழிப்பவராகவும் இருந்த முதியவர்களின் சொற்களையும் பதிவு செய்யலாம்.

கோவிலுக்குக் கல்வெட்டு உண்டு. கொட்டகைக்குக் கோப்பு ஒன்றுதான் கல்வெட்டு!