குதிரைக் குளம்பு கூறும் பாடம்

சென்ற ஆண்டு எம் கல்லூரி மாணாக்கர் சிலரை நெடுந்தீவுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். குறிகட்டுவான் துறையிலே படகேறி அத்தீவை அடைந்து, பவளக்கல் வேலிகளைக் கடந்து வெட்டவெளிக்கு வந்தபோது, கட்டுக் காவலின்றித் திரியும் குதிரைக் கூட்டமொன்று கண்ணிற்பட்டது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆண்ட காலங்களில் கொண்டுவரப்பட்ட குதிரைகளின் வழித்தோன்றல்கள் இவை என்பர். அவற்றையே நெடுநேரம் பார்த்து நின்ற மாணவன் ஒருவன், "சேர், இந்தக் குதிரையளுக்கு ஆர் லாடம் அடிக்கிறது? ஆர் குளம்பு வெட்டிவிடுறது?" என்று கேட்டான்.

மற்றையோர் நகைத்தனர். நான் நகைக்கவில்லை. விடை எனக்குத் தெரியாமையே அதற்குக் காரணம். வீடு திரும்பிய பின் நூல்களைப் புரட்டி அறிந்துகொண்டவற்றை இவ்வாரம் வாசகர் முன் வைக்கிறேன்.

குதிரையின் குணமறிந்தே கடவுள் அதற்குக் கொம்பு கொடுக்கவில்லை என்பது நம் பழமொழி. கொம்பை மறுத்த கடவுள் குளம்பைக் குறைவின்றியே கொடுத்திருக்கிறார். குதிரை ஒவ்வொரு காலிலும் ஒரே விரலை ஊன்றி நிற்கும் பிராணி. அவ்விரலின் நுனியைச் சூழ்ந்த நகமே குளம்பு. நம் நகத்தைப் போலவே அதுவும் ஓயாது வளர்வது; மாதமொன்றுக்கு ஏறத்தாழ 6 முதல் 10 மில்லிமீற்றர் வரை வளரும். குளம்பின் முன்புறம் முற்றிலும் புதிதாவதற்கு ஓராண்டளவு செல்லும். புறச்சுவருக்கும் உள்ளேயுள்ள எலும்புக்கும் இடையே, புத்தகத்தின் தாள்களைப் போல அடுக்கடுக்காய் அமைந்த மெல்லிய மடிப்புகள் இரண்டையும் பிணைத்து நிற்கின்றன. அடிப்புறத்தின் பின்பகுதியிலே அம்புமுனை வடிவான, இரப்பர் போன்ற பகுதி ஒன்று உண்டு. ஆங்கிலேயர் அதற்குத் 'தவளை' என்று பெயரிட்டனர். கால் நிலத்தில் ஊன்றும்போது குளம்பின் பின்பகுதி சிறிதே விரிந்து அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது.

இத்தகைய உறுப்புக்கு இரும்பு எதற்கு என்ற வினா எழுகிறதன்றோ? கி.மு. 4ஆம் நூற்றாண்டிலே வாழ்ந்த கிரேக்க அறிஞர் செனபன், குதிரைப் பயிற்சி பற்றித் தாம் எழுதிய நூலில் லாடத்தைக் குறிப்பிடவில்லை. மாறாக, லாயத்தின் புறத்தே உருண்டைக் கற்களைப் பரப்பி அவற்றின்மேல் குதிரையை நிற்கச் செய்தால் குளம்பு வலுப்பெறும் என்கிறார். ஐரோப்பாவில் ஆணியடித்த லாடம் பரவலாகிச் சற்றேறக்குறைய ஆயிரம் ஆண்டுகளே ஆகின்றன. ஈரலாயத்தில் நின்று மென்மையுற்ற குளம்பு, பாரஞ்சுமந்து கல்வீதியில் நடக்கையில் வளர்வதினும் விரைவாகத் தேய்ந்தது. அதனைத் தடுக்கவே லாடம் வந்தது. ஆனால் இரும்பு தேய்வைத் தடுக்குமேயன்றி வளர்ச்சியைத் தடுக்காது. ஆதலால் ஐந்தாறு வாரத்துக்கொரு முறை லாடத்தைக் கழற்றி, மிகையாக வளர்ந்ததைச் சீவி, மீண்டும் அடிக்க வேண்டியதாயிற்று.

ஐக்கிய அமெரிக்காவிலே லாடமடிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த ஜேமி ஜாக்சன் என்பவர், 1982ஆம் ஆண்டு முதல் 1986 வரை அந்நாட்டின் மேற்குப் பாலை நிலங்களில் திரியும் 'மஸ்ராங்' குதிரைகளைக் கவனித்து வந்தார். இவை ஆதியிலிருந்தே காட்டுக் குதிரைகள் அல்ல. ஸ்பானியர் கொண்டுவந்தவையும் பின்னர் பிறர் கைவிட்டவையும் காடேறிப் பெருகியவை. எவரும் கத்தி வைக்காத அவற்றின் குளம்புகள் குறுகியும், அடி தடித்தும், விளிம்பு உருண்டும் இருக்கக் கண்டார். கல்லும் மணலுமே அவற்றுக்கு அரமாயின. தாம் கண்டவற்றை 1992இல் நூலாகவும் வெளியிட்டார். லாடமின்றிக் குளம்பு திருத்தும் முறை பரவுவதற்கு அந்நூல் பெருந்துணை புரிந்தது.

அம்முறை யாது? மிகையாக வளர்ந்த புறச்சுவரை மட்டும் குறைத்தல். விளிம்பு சிதறாதபடி அரத்தினால் உருட்டிவிடுதல். உயிருள்ள அடித்தோலையும் 'தவளை'யையும் வீணே செதுக்காதிருத்தல். நான்கு முதல் ஆறு வாரத்துக்கொரு முறை இதனைச் செய்தல். இவற்றோடு குதிரையை நாள்தோறும் நடக்கவிடுதலும், சர்க்கரைச் சத்து மிகுந்த தீனியைக் குறைத்தலும் வேண்டும். தீனி பிழைத்தால் நான் மேலே கூறிய மடிப்புகள் வீங்கிப் பிணைப்புத் தளரும். குதிரை நிற்கவும் மாட்டாது வருந்தும்.

இனி, மறுபக்கத்தையும் கூறாது விடுதல் நேர்மையன்று. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்களான பிரையன் ஹாம்சன், கிறிஸ்தோபர் பொலிற் ஆகியோர் காடேறிய குதிரைகளின் கழுத்தில் செய்மதிக் கருவி பூட்டி ஆராய்ந்தனர். அவை நாளொன்றுக்குச் சராசரி 16 கிலோமீற்றர் அளவு நடந்தன. சில, தண்ணீருக்காக 55 கிலோமீற்றர் தூரமும் சென்றன. ஆறு மீற்றர் சதுரப் பட்டியில் அடைக்கப்பட்ட குதிரையோ நாளொன்றுக்கு ஒரு கிலோமீற்றருக்குச் சற்றே அதிகமாகத்தான் நடந்தது. நியூசிலாந்தின் கைமனாவா மலைப்பகுதியில் காடேறி வாழும் 20 குதிரைகளின் குளம்புகளையும் அவர்கள் ஆராய்ந்தனர். 2010இல் வெளியான அவ்வாய்வு, அவற்றிலே எதிர்பாராத அளவுக்குக் குறைபாடுகள் காணப்பட்டதாகக் கூறுகிறது. ஆகவே காட்டுக் குளம்பு யாவும் குறையற்ற குளம்பு என்று கொள்ளுதல் கூடாது. மென்மணலில் வாழும் குதிரையின் குளம்பு நீண்டு விரியும். கற்றரையில் வாழ்வதன் குளம்பு குறுகித் தேயும். நிலம் எப்படியோ, நடை எப்படியோ, குளம்பும் அப்படியே. பாலைக் குதிரையின் குளம்பை அளந்து வந்து, லாயத்தில் நிற்கும் குதிரையின் காலை அதே அளவாகச் செதுக்குவோர் அதனை முடமாக்கியே விடுவர்.

இதனை எழுதும்போது எங்கள் வீட்டுப் பசு நினைவுக்கு வருகிறது. 1990களில், மேய்ச்சல் தரவைக்கு மாடுகளை ஓட்டிச் செல்ல அஞ்சிய காலம். எங்கள் பசுவை மாதக்கணக்காக முற்றத்துப் பூவரசிலேயே கட்டி வைத்திருந்தோம். அதன் குளம்புகள் செருப்பின் நுனிபோல் வளைந்து நீண்டன; பசு நொண்டலாயிற்று. அயலிலிருந்த முதியவர் ஒருவர் வந்து அவற்றைச் சீவிவிட்டார். "என்ன வருத்தம் அப்பு?" என்று கேட்டேன். அவர் கயிற்றைத் தொட்டுக் காட்டி, "வருத்தம் மாட்டிலை இல்லைத் தம்பி, இதிலைதான்" என்றார். அன்று மாலையே கயிற்றை நீட்டி, வளவைச் சுற்றிப் பசுவை நடத்தும் பணி எனக்கு வாய்த்தது. பிளவுபட்ட குளம்பாயினும் ஒற்றைக் குளம்பாயினும் அம்முதியவரின் சொல் பொருந்தும். ஜாக்சன் பாலையிலே கண்டதும் அதுவே.

என் மாணவனுக்கு இப்போது விடை கூறுவேன்: தம்பி, நெடுந்தீவுக் குதிரைகளின் குளம்பைத் திருத்துவது அவற்றின் நடையும் அப்பவளக்கல் தரையுமே. ஆயினும் அந்நடையைச் சுதந்திரம் என்று மட்டும் எண்ணிவிடாதே. கோடையில் நீர்நிலைகள் வற்றும்போது அவை நீர் தேடியே அலைகின்றன. கடல் சூழ்ந்த சிறு தீவிலே 55 கிலோமீற்றர் நடந்து சென்று நீர் காண வழியில்லை. இரும்பு வேண்டாத அக்கால்களுக்கும் தண்ணீர் வேண்டும். அடுத்த கோடையில் நாம் அங்கு செல்வோமாயின், குதிரைகளைப் பார்க்குமுன் அவற்றின் தண்ணீர்த் தொட்டிகளைப் பார்ப்போம்.